காணொளி வருகிறது, கணக்கு வரவில்லை: உங்கள் கேள்விக்கு

வணக்கம். மாணவர்கள் காணொளியை அழகாகத் தொகுக்கிறார்கள், ஆனால் ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவை விளக்கச் சொன்னால் திணறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேமராவை இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

விரிதாளில் (எக்செல் போன்றது) தொடங்குங்கள். ஆண்டறிக்கையிலிருந்து ஐந்தாண்டு வருவாய், லாபம், கடன் மூன்றையும் அவர்களே தட்டச்சு செய்யட்டும். நகலெடுத்து ஒட்டுவதைவிடத் தட்டும்போதுதான் எண் மனத்தில் உறைக்கிறது. பிறகு ஒரே தரவுக்கு இரண்டு பட்டை வரைபடங்கள் போடச் சொல்லுங்கள். விற்பனை 95 கோடியிலிருந்து 100 கோடி ஆனது என்று வையுங்கள். வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கினால் வளர்ச்சி கண்ணுக்கே தெரியாது. 90இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை இரு மடங்கு உயரமாக நிற்கும். வரைபடம் பொய் சொல்லும் விதத்தை அவர்கள் கையாலேயே கண்டுபிடிப்பார்கள். இந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்பு முழுவதையும் தாராளமாகக் கொடுங்கள்.

அடுத்து ஒலி. ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி இலவசம்தான். வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானால் அது 1 சதவீதப் புள்ளி உயர்வு. விகிதக் கணக்கில் 25 சதவீத உயர்வு. இதை முப்பது நொடியில், படம் எதுவும் இல்லாமல், கேட்பவருக்குப் புரியும்படி சொல்லட்டும். புரியாத இடத்தில் குரல் தடுமாறும். அங்கேதான் நீங்கள் கற்பிக்க வேண்டியது இருக்கிறது.

காணொளியைக் கடைசியில் கொடுங்கள். மதிப்பெண்ணில் பாதியை, ஒவ்வோர் எண்ணும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற குறிப்புக்கு ஒதுக்குங்கள்.