கோடு போட்ட சட்டை யாருக்குக் கிடைத்தது?

அன்புள்ள சார்,

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அரை மணி நேர நாடகம் போடுகிறேன். கதை, இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நடக்கிறது. யூதர்களாக நடிக்கும் எல்லாருக்கும் நீலக் கோடு போட்ட சட்டை, பேண்ட், நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் என்று டெய்லரிடம் சொல்லியிருக்கிறேன். ரயிலிலிருந்து இறங்கும் முதல் காட்சியிலிருந்தே அந்த உடைதான். கூட வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் ‘இது சரியில்லை’ என்கிறார். எது சரி? அந்தக் கோடு எதற்காக? கையில் எண்ணைப் பச்சை குத்தியதுபோல் எல்லாருக்கும் வரையலாமா?

ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

அன்புள்ள டீச்சர்,

அவர் சொன்னது சரிதான். முதலில் அந்த ரயில் காட்சியை மாற்றுங்கள். ஊர்களிலிருந்தும் கெட்டோக்களிலிருந்தும் (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதிகள்) ஆஷ்விட்ஸுக்கு வந்தவர்கள் சொந்த உடையில்தான் இறங்கினார்கள். வேறு இடத்தில் குடியமர்த்தப்போகிறோம், அங்கே வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் அவர்களை ரயிலேற்றினார்கள். அதனால் இருப்பதில் நல்ல மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெட்டியில் இடம் போதாமல் சட்டைமேல் சட்டை போட்டவர்கள் உண்டு. மேல்கோட்டின் உள்துணிக்குள் நகையையும் பணத்தையும் வைத்துத் தைத்தவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைகள் அப்படி இறங்கட்டும்.

கோடு போட்ட உடை யாருக்குக் கிடைத்தது என்பதைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். ஆஷ்விட்ஸுக்குச் சுமார் 11 லட்சம் யூதர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பதிவேட்டில் ஏறி, எண் வாங்கி, கைதியானவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர்தான். மற்றவர்களை, அதாவது முதியவர்கள், குழந்தைகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள், வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று ஒரு பார்வையில் ஒதுக்கப்பட்டவர்கள், இவர்களைப் பெரும்பாலும் வந்த அன்றே உடையைக் களையச் சொல்லி விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் ஆகிய மூன்று கொலைமுகாம்களிலும் சேர்த்து 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே வந்தவர்களுக்குச் சீருடை கொடுக்கும் பேச்சே இல்லை. நாம் படங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய அந்தக் கோடு போட்ட சட்டை, செத்தவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் ஒருமுறைகூட ஏறாதது. உங்கள் நாடகத்தில் அத்தனை யூதர்களுக்கும் அதை மாட்டிவிட்டால், வந்த அன்றே கொல்லப்பட்டவர்கள் மேடையிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள். என் வருத்தமெல்லாம் அதில்தான்.

அவர்கள் கழற்றிப்போட்ட துணிகள் என்ன ஆயின? அதற்கும் ஓர் அரசாங்க உத்தரவு இருந்தது. 1942 செப்டம்பர் 26 அன்று, முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் நிர்வாகத் தலைமையகத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் ஃப்ராங்க் என்ற அதிகாரி ஆஷ்விட்ஸுக்கும் போலந்திலுள்ள லுப்ளினுக்கும் எழுதிய குறிப்பில், எந்தப் பொருள் யாருக்குப் போக வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. துணிமணிகள் போலந்து முதலிய இடங்களில் குடியேறிய ஜெர்மன் வம்சாவளியினருக்குப் போகும். அனுப்புவதற்கு முன் உள்ளே ஏதாவது ஒளித்துத் தைத்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், யூத நட்சத்திரத்தைக் கட்டாயம் பிரித்தெடுக்க வேண்டும். நூலைப் பிரித்துவிட்டால் கொலை தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் 1943 ஜனவரியில் போஸ்னான் நகரத்துக் குளிர்கால நிவாரண அமைப்பு எழுதிய புகார்க் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. வந்த உடைகளில் ரத்தக்கறை இருக்கிறது, பல மேல்கோட்டுகளில் யூத நட்சத்திரம் அப்படியே இருக்கிறது, வாங்குகிறவர்களுக்கு எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும் என்பது அவர்கள் குறை. தரக்குறைவான சரக்கு வந்துவிட்டது என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்குக் கை நடுங்கும் கடிதம் அது.

சரி, கோடுக்கு வருவோம். ஆரம்ப வருடங்களில் முகாம்களில் பழைய போலீஸ் சீருடை, சொந்தத் துணி என்று எதெதையோ போட்டிருந்தார்கள். 1938 வாக்கில்தான் நீலம் கலந்த சாம்பல் கோடு பொதுவாயிற்று. தப்பி ஓடினால் தூரத்திலிருந்தே தெரியும் என்பது ஒரு காரணம். பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் எஸ்.எஸ். நடத்திய தையற்கூடத்தில் கைதிப் பெண்களே இந்த உடைகளைத் தைத்தார்கள். பனியிலும் அதே மெல்லிய உடைதான் பலருக்கு. குளிர் தாங்காமல் காலி சிமென்ட் பையின் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டவர்கள் பிடிபட்டால் அடி விழும். துணி மாற்றிக் கொடுப்பது எப்போதாவதுதான். பேன் பிடித்தது, டைபஸ் காய்ச்சல் வந்தது.

காலுக்கு மரக்கட்டைச் செருப்பு, இல்லையென்றால் மர அடிப்பாகம் வைத்த ஷூ. அது கடித்துப் புண்ணாகி, புண் சீழ் பிடித்து, நடக்க முடியாமல் போனால் அடுத்த ‘தேர்வில்’ (வேலைக்கு ஆகாதவர்களைப் பிரித்தெடுக்கும் சோதனையில்) வாயு அறைதான். தொப்பியும் அப்படித்தான். எஸ்.எஸ். காவலன் எதிரே வந்தால் அதைக் கழற்ற வேண்டும். கைதியின் தொப்பியைப் பிடுங்கிக் காவல் எல்லைக்கு அப்பால் வீசி, எடுத்துவரச் சொல்லி, அவன் ஓடியதும் ‘தப்பிக்கப் பார்த்தான்’ என்று சுட்டுக் கொன்ற சம்பவங்கள் பல முகாம்களில் நடந்தன.

ஆகவே டெய்லரிடம் அளவெடுத்துத் தைக்கச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டே அளவில் தைத்து, கலைத்துப்போட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உயரமான பையனுக்குக் கை முழங்கையோடு நிற்கட்டும், சின்னப் பெண்ணுக்கு நிலத்தில் புரளட்டும். பொத்தான்களில் பாதியைப் பிய்த்துவிடுங்கள்.

பெண் கைதிகளுக்கு எல்லாருக்கும் கோடு வேண்டாம். 1942 மார்ச்சில் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு வந்த யூதப் பெண்களுக்குக் கிடைத்தது, அங்கே செத்துப்போன சோவியத் போர்க்கைதிகளின் ராணுவ உடை. போர் முற்றி, துணிக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு, கொல்லப்பட்டவர்களின் துணியையே எடுத்து, முதுகில் சிவப்புப் பெயிண்டால் பட்டை அடித்துக் கொடுத்தார்கள். சிலருக்கு முதுகில் சதுரமாக வெட்டி அந்த இடத்தில் கோடு போட்ட துணியை ஒட்டுப்போட்டார்கள். 1944இல் ஹங்கேரியிலிருந்து வந்த பெண்களில் சிலர், மொட்டைத் தலையோடு, யாரோ ஒருத்தியின் பட்டு விருந்து கவுனைப் போட்டுக்கொண்டு நின்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே முகாமில் தளபதி ஹோஸின் மனைவி ஆரம்பித்துவைத்த தையல் அறையில் யூதப் பெண் கைதிகள் எஸ்.எஸ். அதிகாரிகளின் மனைவிகளுக்கு நாகரிக உடைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். நாடகத்தில் ஒரு காட்சிக்கு இடமிருந்தால் இதை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் நட்சத்திரம். நீங்கள் நினைப்பது 1941 செப்டம்பர் முதல் ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் தெருவில் அணிய வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரம். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களின் மேல்கோட்டில் அது இருக்கும். வார்சா போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு வெள்ளைக் கைப்பட்டையில் நீல நட்சத்திரம். முகாமுக்குள் போன பிறகு வேறு: மஞ்சள் முக்கோணத்தின்மேல் இன்னொரு முக்கோணத்தைத் தலைகீழாக வைத்துத் தைப்பார்கள். அந்த மேல் முக்கோணம் பெரும்பாலும் சிவப்பு, அரசியல் கைதி என்று அர்த்தம். 1944இல் ஆஷ்விட்ஸில் அதையும் மாற்றி, முக்கோணத்துக்கு மேலே மஞ்சள் பட்டை ஒன்று வைத்தார்கள்.

பச்சை குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும்தான், அதுவும் பதிவேட்டில் ஏறியவர்களுக்கு. யூதக் கைதிகளுக்கு 1942இல் தொடங்கியது. இடது முன்கையில் வரையுங்கள். ஆனால் வந்த அன்றே வாயு அறைக்குப் போகிறவர்களாக நடிக்கும் பிள்ளைகள் கையில் எதுவும் வேண்டாம், அவர்களை யாரும் எண்ணில்கூடப் பதிவு செய்யவில்லை. கைதிகளுக்கு அதே எண்ணை வெள்ளைத் துணிப்பட்டையில் எழுதி, சட்டையின் இடது மார்பில் சின்னத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும், பேண்டிலும் வேண்டும். உங்கள் கதை எந்த வருடத்தில் நடக்கிறது, ரயில் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள். அதைப் பொறுத்து யாருக்கு எந்தச் சின்னம் என்று காட்சிவாரியாகக் குறித்து அனுப்புகிறேன்.