அப்பாவின் மீசை ஏன் குழியானது?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வைக்கவென்று அவருடைய பழைய ஸ்டூடியோப் படத்தைத் தேக்குப் பலகையில் சி.என்.சி. ரவுட்டரால் செதுக்கக் கொடுத்தோம். நெற்றியில் திருநீறு தடித்து நிற்கிறது. மீசையும் கண்களும் குழியாகிவிட்டன. 'படம் சரியில்லை, வேறு படம் தாங்கோ, திரும்ப வெட்டித் தாறம், மீதிக் காசைக் கட்டுங்கோ' என்கிறார்கள். பிழை படத்திலா, மெஷினிலா?"

இரண்டிலும் இல்லை. மீதிக் காசை இப்போது கட்டவேண்டாம்.

ரவுட்டர் என்பது கணினி சொல்கிறபடி சுழலும் கத்தியால் பலகையை வெட்டும் மெஷின். அதற்கு முகம் தெரியாது. எந்த இடத்தில் கத்தி எவ்வளவு இறங்கவேண்டும் என்ற கணக்கு ஒன்றுதான் அதற்குத் தெரியும். அந்தக் கணக்கை யாராவது உண்டாக்கிக் கொடுக்கவேண்டும். உங்கள் விஷயத்தில் அப்பாவின் படத்தை அப்படியே மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். அது வெள்ளையை மேடு என்றும் கறுப்பைப் பள்ளம் என்றும் எடுத்துக்கொண்டது. படத்தில் பதிந்திருப்பதோ வெளிச்சம், உயரம் அல்ல. திருநீறு வெள்ளை, புடைத்தது. மீசை கறுப்பு, குழிந்தது. மூக்கின் நிழல் விழுந்த பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கன்னத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். இதைவிடத் தெளிவான படம் கொடுத்தால் இதே பிழை இன்னும் தெளிவாக வரும். கறுப்பு வெள்ளையை மாற்றிப் போட்டால் மீசை மேலே வரும், நெற்றியும் மூக்கும் உள்ளே போய்விடும். மங்கலாக்கினால் தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோல ஒரு முகம் கிடைக்கும்.

செய்யவேண்டிய வேலை வேறு. படத்தைப் பார்த்து, ஒருவர் கணினியில் அந்த முகத்தை உருவாக்கவேண்டும். மூக்கு நுனி எல்லாவற்றுக்கும் மேலே, கன்னம் அதற்குக் கீழே, காது இன்னும் கீழே என்று, பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்குள் ஒரு தலையை அடக்குவது சிற்ப வேலை. பிளெண்டர், இசட்பிரஷ் போன்ற மென்பொருள்களில் செய்வார்கள். படத்திலிருந்து ஆழத்தைத் தானே ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் கண், உதடு, மீசை மூன்றையும் பிறகு ஒரு மனிதர் திருத்தாவிட்டால் அது வேறு யாரோ ஒருவருடைய முகம். நேர்முகப் படத்தில் மூக்கின் உயரம் தெரியாது என்பதால், கல்யாண அல்பத்தில் அப்பா பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்றையும் தேடி எடுங்கள்.

படத்தை அப்படியே ஆழமாக்குவது சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் பலரை மயக்குகிறார்கள் என்பதால் விளக்கிச் சொல்கிறேன். ஒளி ஊடுருவும் வெள்ளை அக்ரிலிக் தகட்டில் செதுக்கி, பின்னால் விளக்கு வைப்பார்கள். தடித்த இடம் இருளாகவும் மெல்லிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். படம் அச்சொட்டாக வரும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீங்கானில் இதைச் செய்தார்கள். அங்கே மேடுபள்ளத்தின் வேலை வெளிச்சத்தை அளந்து விடுவது மட்டுமே, முகத்தைக் காட்டுவது அல்ல. விளக்கை அணைத்தால் அந்தத் தகட்டிலும் உங்கள் பலகையில் உள்ளதுபோன்ற கோலம்தான். தேக்குப் பலகைக்குள்ளால் வெளிச்சம் வராது. ஆகவே அந்த மாதிரியைக் காட்டி மரத்துக்கு ஓடர் எடுப்பவரை நம்பவேண்டாம்.

இனித் தரகர்கள். முகநூலில் பக்கம் வைத்து, வட்ஸ்அப்பில் படமும் முழு முற்பணமும் வாங்கி, மொறட்டுவையில் எங்கோ ஒரு பட்டறைக்குத் தள்ளிவிடுகிறவர்களைச் சொல்கிறேன். அவர்கள் காட்டும் மாதிரிகள் பல இணையத்தில் விலைக்கு வாங்கிய கோப்புகளின் கணினிப் படங்கள். வெட்டிய பலகை ஒன்றைக் கையில் தரச் சொல்லுங்கள். லேசரால் சுட்டுக் கறுப்பாக்கிய தட்டையான படத்தையும் "செதுக்கல்" என்றே விற்கிறார்கள்; விரலால் தடவினால் தெரிந்துவிடும். வெட்டுவதற்கு முன், நிறமே இல்லாத களிமண் உருவம்போல அந்த முகத்தைத் திரையில் சாய்த்துத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்டமுடியாதவரிடம் உருவம் இல்லை, படம் மட்டுமே இருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரையும் விட்டுவிடுங்கள். 300க்கு 400 மில்லிமீற்றர் பலகையில் 0.2 மில்லிமீற்றர் இடைவெளியில் நுணுக்கக் கத்தி ஓடினால் 1500 கோடுகள், 600 மீற்றர் தூரம். நிமிடத்துக்கு 2 மீற்றர் வேகத்தில் அது 5 மணித்தியாலம்.

பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம். கொழும்பில் இந்தத் தொழிலில் பற்றுச்சீட்டு தருகிறவர் எத்தனை பேர்? கேட்டால் "சொல்லிச் செய்த சாமான், திருப்பி எடுக்கமாட்டம்" என்கிறார்கள். இறந்த தகப்பனின் முகத்தைக் கெடுத்துவிட்டுச் சொல்கிற வார்த்தையா இது? பட்டறைக்குப் பக்கத்திலேயே உளியால் முகம் செதுக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், இந்தப் பலகை இப்படி வந்திராது.

பலகையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். 25 மில்லிமீற்றர் தடிப்பில் 6 மட்டும் வெட்டியிருந்தால் சீவி எடுத்துவிட்டு அதே தேக்கில் திரும்பச் செதுக்கலாம். திவசம் நெருங்கிவிட்டதென்றால் அந்த ஸ்டூடியோப் படத்தையே நல்ல சட்டத்தில் போட்டு வையுங்கள். உருவம் செய்ய அவகாசம் வேண்டும், அவசரப்படுத்தினால் மறுபடியும் படத்தை அப்படியே ஆழமாக்கும் பழைய பொத்தானைத்தான் அமத்துவார்கள்.