அவருக்குச் சொந்தமான ஜனம், அடுத்தவர் வீட்டுப் பந்தி: கேள்வி பதில்

நெல்லைச் சீமைச் சபையில் வளர்ந்து, தெலுங்கு மக்கள் நடுவே சில காலம் ஊழியம் செய்தவன் நான். சபை வரலாற்றை வாசிப்பதில் தீராத ஆசை. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: நாம் கடவுளுக்குச் சொந்தமானவர்கள் என்றால் மற்றவர்களோடு எப்படி வாழ்வது, அவர்களிடம் எப்படிப் பேசுவது?

சிவகாசி, கல்லூரி மாணவி: அண்ணா, வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. 'அவருக்குச் சொந்தமான ஜனம்' என்று வாசிக்கும்போதெல்லாம், அப்படியானால் அம்மா அப்பாவுக்கு நான் சொந்தமில்லையா என்று மனசு கிடந்து தவிக்கிறது.

சொந்தம்தான் அம்மா. அதை எழுதிய பேதுருவே (1 பேதுரு 2:9) அடுத்த அதிகாரத்தில், விசுவாசம் இல்லாத கணவனோடு வாழும் மனைவிக்கும் எழுதுகிறார். விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. பேச்சில்லாமல் உன் நடக்கையாலேயே அவரை ஆதாயப்படுத்து என்கிறார். பொங்கலுக்குக் கோலம் போடுங்கள், அம்மாவோடு அடுப்படியில் நில்லுங்கள். படைத்ததைச் சாப்பிட மனம் ஒப்பவில்லை என்றால் முதல் நாளே அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னிலையிலும் இலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அந்த வலி அம்மாவுக்கு வருடக்கணக்கில் ஆறாது.

ஓசூர்: பிரதர், விசுவாசத்தைப் பற்றி வெளியில் பேச நமக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

உண்டு. அரசமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல மாநிலங்களில் தனிச் சட்டமும் இருக்கிறது. போகிற மாநிலத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆசை காட்டியோ பயமுறுத்தியோ ஒருவரைச் சேர்ப்பது, சட்டமே இல்லாவிட்டாலும் சுவிசேஷத்துக்கு விரோதம்.

மதுரை: இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, குடுமி வைத்து ஊழியம் செய்தாரே. அது சரியா, ஏமாற்றா?

ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். 1606இல் அவர் மதுரைக்கு வந்தபோது, கிறிஸ்தவன் ஆவதும் பறங்கியாக, அதாவது ஐரோப்பியனாக, மாறுவதும் ஒன்று என்றுதான் ஊர் நினைத்தது. அந்த எண்ணத்தை உடைக்க மரக்கறி உணவுக்கு மாறினார்; தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தமிழிலேயே நூல்கள் எழுதினார். சொந்தச் சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து வழக்கு ரோம் வரை போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம் என்று நிபந்தனையோடு அனுமதித்தார்.

அவரிடம் எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறு. உடையை ஏற்றதோடு நிற்காமல், பந்தியைப் பிரிக்கும் வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டார். பிற்பாடு உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்ற வேறு வகைக் குரு என்று மதுரை மிஷனே இரண்டு வரிசையாயிற்று. உடுத்துகிற துணி யாரையும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. பந்தி நிறுத்திவிடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் ஊரில் சபைத் தேர்தல் முதல் கல்லறைத் தோட்டம் வரை சாதிதான். நாம் எந்த முகத்தோடு வெளியே போய்ச் சாட்சி சொல்வது?

கேள்வி சுடுகிறது, சுடத்தான் வேண்டும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை. முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). பந்தியில் பிரிவினை வந்தால் சுவிசேஷத்தின் சத்தியமே கெடுகிறது என்பது அவர் வாதம். நம்மிடமும் 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, முடிவாக விடவேண்டும் என்று கடிதம் அனுப்பினார். அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். அவர்கள் போய்விடுவார்களே என்று பயந்து கடிதத்தை நிறுத்தியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அசனத்தில், சபையார் கூடி உண்ணும் விருந்தில், பக்கத்து இலைக்காரர் யார் என்று பார்த்து உட்காருகிறவரிடம், பெயர் சொல்லி, அன்போடு, ஆனால் மறைக்காமல் பேசுங்கள். ஊழியப் பயணம் அங்கே ஆரம்பிக்கட்டும்.

பெங்களூரு, ஐடி பணியாளர்: நானும் நண்பர்களும் விடுமுறைதோறும் தெலங்கானா கிராமங்களுக்குப் போக நினைக்கிறோம் அண்ணா. எங்கிருந்து தொடங்குவது?

அசரியாவிடமிருந்து. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் போதகர் மகனாகப் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றார். நம் ஆட்கள், நம் காணிக்கை, நம் நிர்வாகம் என்பது திட்டம். ஆறு ஆண்டுகள் கழித்து அவரே குருப்பட்டம் பெற்று, அன்று நிஜாம் ராஜ்யத்திலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு குடிபோனார். தமிழர் அவர், அங்கே பேச்சு தெலுங்கு, சமையல் வேறு, வழக்கம் வேறு. அவர் மனைவி அன்பு அம்மாள் அங்கத்திய பெண்கள் நடுவே உழைத்தார்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. பெரும்பாலும் வெள்ளையர்களே நிறைந்த மண்டபத்தில் எழுந்து, உங்களுக்கும் எங்களுக்கும் இடையே நட்பில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்பைப் பற்றிப் பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 13) எடுத்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் முடிவு. பலருக்குக் கசந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

நீங்கள் கவனிக்கவேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் தானே கைவைத்து, 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்ற பவுலின் வார்த்தையைச் சொல்ல வைத்தார் அசரியா. கூலிவேலை செய்கிற பெண்ணும் அன்றே சாட்சி ஆனாள். வெளியூர்க்காரர் பேசியதைவிட அவள் தன் சனத்திடம் பேசியதில்தான் சபை வளர்ந்தது. தோர்ணக்கல் பேராலயத்தைப் போய்ப் பாருங்கள்: கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் குவிமாடமும் ஒரே கட்டடத்தில் நிற்கும். அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த அழகைக் கடவுள் வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்று அவர் நம்பினார்.

ஆகவே முதல் பயணத்தில் ஒலிபெருக்கி வேண்டாம். தெலுங்கு கற்றுக்கொள்ளுங்கள். அங்குள்ள சபையார் வீட்டில் தங்கி, அவர்கள் போடுவதைச் சாப்பிடுங்கள். ஜெபம் நடத்தும் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, அசரியா எங்கட பக்கம் வந்தவரோ?

வந்தார். 1902இல் யாழ்ப்பாணம் வந்தபோது, உங்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வெளியூருக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். மறு வருடமே நெல்லைச் சங்கம் பிறந்தது. தோர்ணக்கல் கதையில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திருப்பூர், சபைச் செயலாளர்: சபைக்குப் பக்கத்திலேயே ஒடிசா, பீகார் பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். துண்டுப்பிரதி கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

தமிழ்ப் பிரதியா கொடுத்தீர்கள்? கேட்கக் காரணம் இருக்கிறது, பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அதை நிறுத்தி வையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். சம்பளப் பிடித்தத்தைக் கேட்கத் தெரியாமல் நின்றால் துணைக்கு நில்லுங்கள். இதற்கு ஈடாக ஆராதனைக்கு வா என்று கேட்கவே கூடாது. அவர்கள் தாமாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், ஒடியாவிலோ இந்தியிலோ வேதாகமம் வாங்கி வைத்திருங்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருக்கலாம். ஒடிசாவின் கந்தமாலில் பெரிய சபைகள் உண்டு, 2008இல் கொடிய வன்முறையைத் தாங்கியவை. அங்கிருந்து வந்தவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், வருகிற ஞாயிறு சாட்சி சொல்ல அவரைக் கூப்பிடுங்கள். மொழிபெயர்க்க ஒருவரைத் தேடிக்கொள்ளலாம்.