உயிர் உரம்: யூரியாவோடு ஒரே வாளியில் கலக்கலாமா?

கேள்வி: 300 மூடு ஏத்தன் வாழை (நேந்திரன்) நிற்கிறது. ஐந்தாம் மாத உரம் வைக்க வேண்டும். அசோஸ்பைரில்லம் (தழைச்சத்துக்கு), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்துக்கு) என்ற இரண்டு நுண்ணுயிர் உரங்களையும் யூரியா, பொட்டாஷோடு கலந்து ஒரேயடியாகப் போட்டால் ஒரு கூலி மிச்சம் என்கிறார் உரக்கடைக்காரர். செய்யலாமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: கூலி மிஞ்சும், உயிர் உரத்துக்குக் கொடுத்த காசு போய்விடும். நம்மூர் ஈரக்காற்றில் யூரியாவும் பொட்டாஷும் கலந்த வாளி கொஞ்ச நேரத்தில் கசிந்து நசநசக்கும். அது கெட்டியான உப்புக் கரைசல். கருவாட்டுக்கு உப்பு எதற்குப் போடுகிறோம்? அதே வேலைதான் இங்கும் நடக்கும்: நுண்ணுயிரின் உடம்பிலிருக்கும் நீரை உப்பு உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு, யூரியா கரையும் இடத்தில் அமோனியாவும் சேரும்.

உயிர் உரம் முதலில், ரசாயன உரம் குறைந்தது 10 நாள் கழித்து. வாழைக்கு உயிர் உரம் வைப்பது நடும்போது ஒருமுறை, ஐந்தாம் மாதம் ஒருமுறை. ரசாயன உரமோ மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில். ஆக இரண்டும் மோதுவது இந்த ஐந்தாம் மாதத்தில் மட்டும்தான்.

அளவு மூட்டுக்கு ஒவ்வொன்றிலும் 20 கிராம். 300 மூட்டுக்கு 6 கிலோ வீதம் 12 கிலோ. 200 கிராம் பொட்டலமானால் வகைக்கு 30. இதை 120 கிலோ மக்கிய சாணி உரத்தில் பிசறி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி ஓரிரவு வையுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக மேல்மண்ணைக் கொத்தி, மூட்டுக்கு இரு கை நிறையப் போட்டு மண் மூட வேண்டும். மண் காய்ந்திருந்தால் போடாதீர்கள். சாணி உரம் மக்காமல் சூடாக இருந்தாலும் கெட்டது. அந்தச் சூட்டிலேயே பாதி செத்துவிடும்.

10 நாள் கழித்து மூட்டுக்கு யூரியா 110 கிராம், பொட்டாஷ் 165 கிராம். தோட்டக்கால் ஏத்தனுக்கு மூட்டுக்கு வருடத்துக்கு 150 கிராம் தழைச்சத்து, 300 கிராம் சாம்பல் சத்து என்பது பரிந்துரை. அதில் மூன்றில் ஒரு பங்கு சத்து இந்த அளவு உரத்தில் கிடைக்கும்; உரத்தின் எடை முழுவதும் சத்து அல்ல. அடைமழை நாளில் போட்டால் தோட்டத்துக்கு இல்லை, ஓடைக்குத்தான் உரம்.

"உயிர் உரம் போட்டாச்சு, யூரியாவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து யூரியாவில் கால் பங்கு வரை குறைக்கலாம், அவ்வளவே. பொட்டாஷில் கை வைக்காதீர்கள். இந்த இரண்டு நுண்ணுயிரும் சாம்பல் சத்து தராது. மலையோரச் சரளை மண் புளித்திருந்தால் (அமில மண்ணானால்), முதலில் சுண்ணாம்பு போட்டு இரண்டு வாரம் கழித்தே உயிர் உரம்.

கேள்வி: கடையில் கிடைத்த பாட்டிலில் கரும்புப் படம். வாழைக்கு ஆகுமா? (திருவட்டாறு வாசகர்)

பதில்: படத்தை விடுங்கள், நுண்ணுயிரின் பெயரைப் பாருங்கள். அசோஸ்பைரில்லம் என்றிருந்தால் ஆகும். குளுக்கோனசிட்டோபாக்டர் என்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது கரும்புத் தண்டுக்குள்ளேயே குடியிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா; 1988-ல் பிரேசிலில் கரும்பிலிருந்துதான் விவரிக்கப்பட்டது. வாழைக்கு அதைத் தேடி வாங்க அவசியமில்லை.

கேள்வி: யூரியா மூட்டை கேட்டால், கூடவே 400 ரூபாய் "உயிர் உர" பாட்டிலும் எடுத்தால்தான் தருவேன் என்கிறார்கள். (தோவாளை வாசகர்)

பதில்: அப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. 45 கிலோ யூரியா மூட்டையின் அதிகபட்ச விலை 266 ரூபாய் 50 காசு. அதைக் கொடுத்து மூட்டையை மட்டும் கேளுங்கள். மறுத்தால் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இப்படித் தலையில் கட்டும் பாட்டில் பல உயிர் உரமே அல்ல, ஏதோ "வளர்ச்சி ஊக்கி". பின்பக்கச் சிறிய எழுத்தில் தெரிந்துவிடும்.

உண்மையான உயிர் உரமானால் நுண்ணுயிரின் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் இருக்கும். உயிர் எண்ணிக்கை பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடிக்குக் குறையக் கூடாது. பொடி பொதுவாக ஆறு மாதம், திரவம் ஒரு வருடம் தாங்கும். தேதி சரியாக இருந்தாலும், தகரக் கூரைக்கடியில் யூரியா மூட்டைமேல் அடுக்கியிருந்த பொட்டலம் வேண்டாம். பொடி காய்ந்து கட்டியாகியிருந்தாலும் அதே கதைதான். வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

யூரியாவுக்குக் கடையிலுள்ள விற்பனைக் கருவியில் ரசீது வரும். உயிர் உரத்துக்குத் தனிப் பில் கேட்டு, தொகுதி எண்ணையும் எழுத வையுங்கள். பொட்டலத்தில் ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள். பிரச்சினை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கு மேல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே விதை வழக்கில் சொல்லியிருக்கிறது. பில் இல்லாமல் போனால் மட்டும் உங்கள் பேச்சு எடுபடாது.