ஒரே கோதுமைக் கதிரில் பெரிய மணியும் சின்ன மணியும்

கேள்வி: ஒரு கோதுமைக் கதிரை உதிர்த்துப் பார்த்தேன். சில மணிகள் திரட்சி, சில பாதி அளவுகூட இல்லை. உரம் போதவில்லையா? பெரியதை மட்டும் பொறுக்கி விதைத்து வந்தால் நாளடைவில் எல்லாம் பெருத்துவிடுமா?

பதில்: உரத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். இன்னொரு கதிர் எடுங்கள். இந்த முறை உதிர்க்க வேண்டாம். கதிரின் நடுத்தண்டின் இருபுறமும் மாறி மாறி ஏறக்குறைய 20 சிறுகதிர்கள் (சில பூக்கள் சேர்ந்த சிறு கொத்துகள்) இருக்கும். நடுவிலிருந்து ஒன்றைக் கிள்ளி, உமியை நகத்தால் பிரியுங்கள். அடியில் இரண்டு கொழுத்த மணிகள். (பல ரகங்களில் இரண்டாவதுதான் கனம் கூடியது, தராசில் வைத்தால் தெரியும்.) மேலே மூன்றாவது, சற்று இளைத்தது. நாலாவது இருந்தால் நோஞ்சான். அதற்கும் மேலே கருகிப்போன பூக்கள்.

பூத்த வரிசைதான் காரணம். கதிரின் நடுப்பகுதி முதலில் பூக்கும், பிறகு மேலும் கீழும் பரவும். முழுக் கதிரும் பூத்து முடிய 3 முதல் 5 நாள். ஒவ்வொரு சிறுகதிருக்குள்ளும் அடிப்பூ முந்தும். பிந்திய பூவின் சூல்பை, அதாவது பின்னால் மணியாகும் பை, பூக்கும்போதே சிறிது. மகரந்தம் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களில், மாவாகும் சதையில் எத்தனை செல்கள் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு நடப்பது மாவுச்சத்து நிரப்புவது மட்டும்; சின்னப் பையில் கொள்ளுவதுதான் கொள்ளும். போதாததற்கு, முதல் மூன்று பூக்களுக்குச் சத்துக்குழாய் நேராகப் போகிறது, நாலாவதிலிருந்து சுற்றுவழிதான்.

பூத்ததும் பாதி மணிகளைக் கிள்ளி எறிந்து பார்த்திருக்கிறார்கள். மிச்சமிருந்தவை இருமடங்காகவில்லை, கொஞ்சம்தான் கூடின. பற்றாக்குறை சாப்பாட்டில் இல்லை, பையில்.

விதை விஷயம்: கோதுமை தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர். நிலைபெற்ற ரகமானால் ஒரே கதிரின் பெரிய மணிக்கும் சின்ன மணிக்கும் பரம்பரை ஒன்றுதான். எத்தனை போகம் பொறுக்கினாலும் ரகம் மாறாது. ஆனாலும் சலித்துவிட்டு விதையுங்கள். பெரிய விதையில் இருப்பு அதிகம், நாற்று வாளிப்பாக வரும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நடுச் சிறுகதிரின் அடிமணிகள் இரண்டுமே சுருங்கியிருந்தால், பால் பிடித்த நேரத்தில் வெயிலோ வறட்சியோ இலை நோயோ தாக்கியிருக்கலாம். சில சிறுகதிர்கள் மட்டும் முன்கூட்டியே வெளுத்து, உமியோரம் இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தால் அது கதிர்ப் பூஞ்சண நோய். அந்தக் கதிர்களை விதைக்கும் எடுக்காதீர்கள், உணவுக்கும் தீவனத்துக்கும் சேர்க்காதீர்கள்.