பென்ஷன் வருகிறது, பாஸ்புக்கில் தெரியவில்லை: தாய்லாந்து விசா நீட்டிப்புக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: எனக்கு வயது 62. மனைவியோடு மூன்று வருடமாகச் சியாங் மாயில் இருக்கிறேன். ஓய்வுபெற்றோருக்கான அனுமதியை ஆண்டுதோறும் நீட்டித்து வருகிறோம். இதுவரை ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். என் பெயரில் அவர் எதைக் காட்டினார் என்று நான் கேட்டதே இல்லை. இந்த முறை நானே விண்ணப்பிக்க நினைக்கிறேன். தாய்லாந்துப் பண மதிப்பில் பென்ஷன் மாதம் சுமார் 58,000 பாட், வீட்டு வாடகையாக வருவது 15,000 பாட். இரண்டும் சொந்த நாட்டு வங்கிக் கணக்கில்தான் விழுகின்றன. அந்தக் கணக்கின் கார்டை வைத்து இங்கே ஏடிஎம்மில் எடுத்துச் செலவு செய்கிறேன். இங்கே மனைவியோடு சேர்த்து ஒரு ஜாயின்ட் கணக்கு உண்டு, அதில் பெரிதாக எதுவும் இல்லை. சொந்த நாட்டில் 2019-இல் போட்ட வைப்பு ஒன்று இருக்கிறது, 12 லட்சம் பாட் தேறும். அதைத் தொட மனமில்லை. இப்போதைய அனுமதி அக்டோபர் 20-இல் முடிகிறது, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மாதம் 65,000 பாட் வருமானம் இருந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு 73,000 வருகிறது. பென்ஷன் சான்றிதழையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. ஏன் என்று புரிந்துகொண்டால் அடுத்து செய்ய வேண்டியது தானாகத் தெளிவாகிவிடும், அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு வருமானம் இருக்கிறதா என்று இமிக்ரேஷன் அதிகாரி கேட்கவில்லை. அந்த வருமானம் மாதாமாதம் தாய்லாந்துக்குள் வந்ததா என்றுதான் பார்க்கிறார். முன்பெல்லாம் இதற்குத் தூதரகம் ஒரு கடிதம் கொடுக்கும், அதைக் காட்டினால் வேலை முடிந்தது. கடிதத்தில் சொன்ன வருமானத்தைத் தூதரகமே சரிபார்த்திருக்க வேண்டும் என்று தாய்லாந்து எதிர்பார்த்தது. ஒவ்வொருவரின் வருமானத்தையும் சரிபார்க்க எங்களால் ஆகாது என்று அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் 2019 தொடக்கத்தோடு கடிதத்தை நிறுத்திவிட்டன. அதற்கு மாற்றாக வந்ததுதான் வங்கி வழி: வெளிநாட்டிலிருந்து உங்கள் தாய்லாந்துக் கணக்குக்கு மாதம் 65,000 பாட்டுக்குக் குறையாமல், 12 மாதம் விடாமல் பணம் வந்திருக்க வேண்டும். நீங்கள் ஏடிஎம்மில் எடுத்த பணம் நேராகக் கைக்கு வந்துவிட்டது, இங்குள்ள கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மூன்று வருடச் செலவையும் உங்கள் சொந்தப் பணத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அதற்கு இங்கே சாட்சி இல்லை.

ஐந்து மாதத்தில் 12 மாத வரலாற்றை உண்டாக்க முடியாது. ஆகவே இந்த வருடம் உங்களுக்கு மிச்சம் இருப்பது வைப்புத்தொகை வழி, அதாவது இங்குள்ள கணக்கில் 8 லட்சம் பாட் வைத்துக் காட்டுவது. வருமானத்தையும் வைப்பையும் கூட்டி ஆண்டுக்கு 8 லட்சம் பாட் காட்டும் மூன்றாவது வழியும் விதியில் உண்டு. அதில் வருமானப் பகுதியை எப்படி நிரூபிப்பது என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் பார்வை மாறுகிறது. முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அதற்கு உங்கள் 2019 வைப்பை உடைக்கத்தான் வேண்டும். மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இது செலவாகிப்போகும் பணம் இல்லை, உங்கள் பெயரிலேயேதான் இருக்கப்போகிறது. இழப்பு என்று பார்த்தால் வட்டி வித்தியாசமும் நாணய மாற்றுச் செலவும்தான். இங்கே வங்கிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று பயமா? தாய்லாந்தில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பாட் வரை வைப்புப் பாதுகாப்பு உண்டு. 8 லட்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

நாள் கணக்கில் மட்டும் கவனமாக இருங்கள். 2019 மார்ச்சிலிருந்து நடைமுறை இதுதான்: விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே 8 லட்சம் பாட் கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் அந்த 8 லட்சம் குறையக் கூடாது. அதற்குப் பிறகு எடுக்கலாம், ஆனால் 4 லட்சத்துக்குக் கீழே எந்த நாளும் போகக் கூடாது. உங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். அனுமதி முடிவதற்கு 30 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் 25-இல் போகிறீர்கள் என்று வையுங்கள். ஜூலை 25-க்குள் பணம் வந்திருக்க வேண்டும். நான் ஜூன் மாதமே கொண்டுவந்துவிடச் சொல்வேன், ஏனென்றால் வைப்பை உடைப்பதற்கும் அனுப்புவதற்கும் நினைத்ததைவிட நாள் பிடிக்கும். டிசம்பர் கடைசி வரை 8 லட்சம் அசையக் கூடாது. அப்புறம் ஜூலை வரை ஏறக்குறைய ஏழு மாதம் பாதிப் பணம் உங்கள் கைக்கு வருகிறது. எல்லைக்கோட்டில் வைக்காமல் 8,10,000 பாட் போட்டு வையுங்கள். ஏதோ ஒரு வங்கிக் கட்டணம் பிடித்து இருப்பு 7,99,800 ஆகி நின்றால், அதை விளக்கிச் சொல்ல யாரும் அவகாசம் தர மாட்டார்கள்.

ஜாயின்ட் கணக்கில் போடாதீர்கள். உங்கள் பெயரில் மட்டும் தனிக் கணக்கு திறந்து அதில் போடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து கரண்ட் பில்கூடக் கட்ட வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட 65,000 வழிக்கு வருகிறேன். அடுத்த வருடத்துக்கு அதுதான் உங்களுக்குச் சரி, ஆனால் அதற்கான வேலையை இந்த ஜூன் மாதமே தொடங்க வேண்டும். பென்ஷனும் வாடகையும் சேர்ந்து 73,000 வருகிறது இல்லையா, இரண்டையும் சொந்த நாட்டுக் கணக்கில் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புங்கள். பென்ஷனை மட்டும் அனுப்பினால் 58,000-தான், எல்லையைத் தொடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் பாஸ்புக் இன்னும் கண்ணில் நிற்கிறது. மாதம் தவறாமல் தன் நாட்டுப் பணத்தில் ஒரே தொகையை அனுப்பியவர். பதினோரு மாதமும் 65,000-க்கு மேல். பிப்ரவரியில் மட்டும் 64,870. பாட் அந்த வாரம் கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். 130 பாட் குறைந்ததால் அந்தப் பாஸ்புக் அவருக்கு உதவவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் எவ்வளவு அதிகமாக வந்திருந்தது என்பது கணக்கிலேயே வரவில்லை. கையில் பணம் இருந்தும் வைப்புக்காக அவர் கடைசி நேரத்தில் அலைந்ததைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் 70,000 பாட் வந்து சேரும்படி அனுப்புங்கள். சொந்த நாட்டுப் பணத்தில் தொகையை நிர்ணயிக்காமல், இங்கே எவ்வளவு பாட் விழ வேண்டும் என்று நிர்ணயித்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

தேதியும் முக்கியம். மாதக் கடைசியில் அனுப்பினால் விடுமுறை குறுக்கிட்டு அடுத்த மாதம் முதல் தேதியில் விழும். அப்போது ஒரு மாதம் வெறுமையாகவும் அடுத்த மாதம் இரண்டு வரவாகவும் பதிவாகும். ஏப்ரலில் சோங்க்ரான் என்ற தாய் புத்தாண்டு விடுமுறை வேறு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வாக்கில் அனுப்பிவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, பாஸ்புக்கில் விழும் குறியீடு. பாங்காக் பேங்க் பாஸ்புக்கில் வெளிநாட்டிலிருந்து நேராக வந்த பணத்துக்கு எதிரே எஃப்டிடி (FTT) என்று அச்சாகும். ஆன்லைன் பணப்பரிமாற்றச் சேவைகள் சில நேரம் தாய்லாந்துக்குள்ளேயே இருக்கும் தங்கள் கணக்கிலிருந்து உங்களுக்கு அனுப்பிவிடும். அப்போது அது உள்ளூர் வரவாகப் பதிவாகும். நீங்கள் வெளிநாட்டிலிருந்துதான் அனுப்பினீர்கள், பாஸ்புக் அப்படிச் சொல்லாது. முதல் மாதம் அனுப்பியதும் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கை அச்சிட்டு அந்த ஒரு வரியைப் பாருங்கள். உள்ளூர் வரவாக விழுந்திருந்தால், அனுப்பும்போது நோக்கம் என்ற இடத்தில் நீண்டகாலத் தங்கலுக்கான பணம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் சொந்த நாட்டு வங்கி வழியாகவே அனுப்புங்கள், கட்டணம் கூடினாலும் பரவாயில்லை. முதல் மாதமே தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

வரி விஷயத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் நீங்கள் தாய்லாந்தின் வரிக் குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை, எந்த வருடம் கொண்டுவந்தாலும், இங்கே கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு முன்பு ஈட்டியதற்கு இது பொருந்தாது. உங்கள் 2019 வைப்பின் அசல் பழைய பணம், அதைக் கொண்டுவருவதால் இங்கே வரி வராது. 2024-க்குப் பிறகு சேர்ந்த வட்டியை அதோடு கலக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். 2023 டிசம்பர் 31 அன்று அந்த வைப்பு எவ்வளவு இருந்தது என்று காட்டும் ஸ்டேட்மென்ட்டை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாதாமாதம் வரப்போகும் பென்ஷனும் வாடகையும் புது வருமானம், அது வேறு கதை. இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால், அரசுப் பென்ஷன் மீதான வரி உரிமை பெரும்பாலும் அதைக் கொடுக்கும் நாட்டுக்கே போகும். தனியார் பென்ஷனும் வாடகையும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 65,000 வழியைத் தொடங்கும் முன் ஒரு தாய் வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வரி கணிசமாக வரும்போலத் தெரிந்தால் வைப்பு வழியிலேயே தொடர்வது மலிவாக இருக்கலாம்.

ஏஜென்ட் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். படிவம் நிரப்பித் தருபவர், வரிசையில் உடன் நிற்பவர் என்றால் தவறே இல்லை. கணக்கில் பணம் போடும்படி உங்களிடம் கேட்காமலேயே மூன்று வருடம் நீட்டிப்பு வாங்கித் தந்திருக்கிறார் என்றால், உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. அவரிடம் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் திறந்த கணக்கில் வேறொருவர் பணத்தைச் சில நாள் போட்டு எடுத்திருந்தால், அது உங்கள் பாஸ்போர்ட்டின் மீது விழுகிற பொய். இந்த வருடமும் அவரே செய்கிறேன் என்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விண்ணப்ப நாளுக்கு நீட்டிப்புக்கான டிஎம் 7 படிவம், 1,900 பாட் கட்டணம், வங்கிக் கடிதம், ஸ்டேட்மென்ட், பாஸ்புக் நகல். வங்கிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தால் பழையதாகிவிடும். அன்று காலையிலோ முதல் நாளோ வாங்குங்கள், போகும் வழியில் பாஸ்புக்கையும் ஒருமுறை அச்சிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகம் வேறு என்ன கேட்கிறது என்று ஆகஸ்டிலேயே நேரில் போய்ப் பட்டியல் வாங்கி வந்துவிடுங்கள்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை. தனிப் பெயரில் 8 லட்சம் வைத்தவர் இறந்துவிட்டால், நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும் வரை வங்கி அந்தப் பணத்தை மனைவிக்குக் கொடுக்காது. தாய்லாந்துச் சொத்துக்கென்று இங்கே ஓர் உயில் எழுதிவிடுங்கள். அதையும் ஜூன் மாத வேலைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.