புற்றுநோய் முற்றிய மாமியாருக்கு ஹாஸ்பிஸ் பராமரிப்பை எப்போது, எப்படிக் கேட்பது?

கீமோ இனிப் பயன் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஓசூரில் இருக்கிறோம், இப்போதே கேட்கலாமா என்கிறீர்கள். இன்றே கேளுங்கள். ஹாஸ்பிஸ் என்பது நோயைக் குணமாக்க முயலாமல், கடைசிக் காலத்தில் வலியையும் தவிப்பையும் குறைத்துப் பார்த்துக்கொள்வது; வலி தணிப்புச் சிகிச்சையின் கடைசிக் கட்டம். நாங்கள் தாமதித்துத் தவித்தவர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இரைப்பையில் புற்று. காவேரிப்பட்டணத்திலிருந்து வாரந்தோறும் காரில் பெங்களூருக்குக் கூட்டிப்போவோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வார். “வீட்டிலேயே கிடக்கிறேனே, சாமி” என்று ஒருநாள் கேட்டார். பெற்றவரைக் கைவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் அடுத்த வாரமும் காரை வரச்சொன்னேன். வலி தணிப்புச் சிகிச்சை என்று ஒன்று இருப்பதை அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடும் வலியைக் குறைக்கும் மார்பின் மாத்திரை கிடைத்தது கடைசி 11 நாட்களுக்கு மட்டுந்தான். முதல் இரவே விடியும்வரை தூங்கினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, சோறு இறங்கவில்லையா, பகலிலும் படுக்கையே கதியா, அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்கலாம். ஹாஸ்பிஸுக்கு, இன்னும் 6 மாதந்தான் உயிரோடு இருப்பார் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் காப்பீட்டு விதி. வலி தணிப்புச் சிகிச்சையைக் கீமோ நடக்கும்போதே தொடங்கலாம்.

மருத்துவரிடம் “வலி தணிப்புச் சிகிச்சைக்கு எழுதிக்கொடுங்கள்” என்று நேராகக் கேளுங்கள். பயாப்ஸி முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால், பெங்களூரில் கருணாஷ்ரயா என்ற ஹாஸ்பிஸில் முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே பேசிவையுங்கள்.

மார்பின் என்றதும் உறவினர்கள் பதறுவார்கள். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுக்கும் மார்பின் உயிரைப் பறிக்காது. மலச்சிக்கல் வரும், மலமிளக்கியையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். வலி வந்த பிறகு என்றில்லாமல் நேரம் தவறாமல் கொடுங்கள்.

எங்கே இருக்க விருப்பம் என்று மாமியாரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அப்பா, கட்டிலை மாமரம் தெரிகிற ஜன்னலோரம் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தோம்.